மைமூனாவின் மீஸான் கல்

மத்தியதரைக் கடலில், சிசிலிக்குத் தெற்கே மால்ட்டா இருக்கிறது. அதன் பக்கத்தில் கோஸோ என்று ஒரு குட்டித் தீவு. பரப்பு 67 சதுர கிலோமீற்றர்தான். தீவின் நடுவில் ஒரு குன்று, குன்றின் மேல் ஒரு கோட்டை, கோட்டை வாசலுக்குக் கிட்ட 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்வீடு. அந்த வீட்டில்தான் 1960இல் கோஸோவின் முதலாவது பொது நூதனசாலை திறக்கப்பட்டது. 1986இலிருந்து அது தொல்லியலுக்கான நூதனசாலையாக மட்டும் இயங்கி வருகிறது.

கோஸோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்குள்ள ஜகந்தியாப் பெருங்கற்கோயில்களைப் பற்றித்தான் எழுதுவார்கள். எகிப்தின் பிரமிட்டுகளை விடவும் பழையவை அவை. கிறிஸ்துவுக்கு முன் 3600 அளவில் கட்டத் தொடங்கியவை. அந்தக் காலத்து மனிதர்கள் செய்த உருவங்களும் மட்பாண்டங்களும் நூதனசாலையில் இருக்கின்றன. அதற்குப் பிறகு பினீசியர், உரோமர் என்று வரிசையாக வருகிறது. ஆனால் என்னை அந்த நூதனசாலையின் பக்கம் இழுத்தது வேறொரு பொருள். அது ஒரு பளிங்குக் கல். எங்கட பாஷையில் சொல்வதென்றால், ஒரு மீஸான் கல்.

அதில் கூஃபி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் செய்தி இது. பிஸ்மியுடன் தொடங்குகிறது. நபிகள் மீது ஸலவாத்து வருகிறது. படைப்புகள் எல்லாம் அழிந்து போகும், அல்லாஹ் ஒருவனே நிலைத்திருப்பான் என்ற கருத்து வருகிறது. பிறகு, இது அலீ அல்ஹுதலீயின் மகன், இப்னு அஸ்ஸூஸீ என்று அறியப்பட்ட ஹஸ்ஸானின் மகள் மைமூனாவின் கபுறு என்று சொல்கிறது. ஹிஜ்ரி 569, ஷஃபான் பிறை 16, வியாழக்கிழமை மௌத்தானார். அல்லாஹ்வுக்கு இணையில்லை என்று சாட்சி சொன்ன நிலையில் மௌத்தானார் என்பதும் அதிலேயே இருக்கிறது. அதன் பிறகு ஒரு பாட்டு. மைமூனாவே பேசுவது போல, தன் கபுறைப் பார்க்க வருகிறவரிடம் மரணத்தைப் பற்றிச் சொல்வது போல அது அமைந்திருக்கிறது.

ஆங்கிலத் தேதிக்கு மாற்றினால் 1174 மார்ச் 21. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அன்று வியாழக்கிழமைதான் வருகிறது. ஷஃபான் 16 என்றால் நமக்கு உடனே புரியும்: பராஅத்துக்கு மறுநாள். ஆலிம்கள் மத்தியில் அந்த இரவைப் பற்றி எத்தனை பேச்சு இருந்தாலும், பிறை பதினைந்து என்றதும் மூத்தம்மா ரொட்டி சுட்டுப் பள்ளிக்கு அனுப்பிய ஞாபகம் வராத வீடு நம்மில் குறைவு. எண்ணூற்றைம்பது வருடத்துக்கு முன்னர், பராஅத்துக்கு அடுத்த நாள், அந்தத் தீவில் ஒரு வாப்பா தன் மகளை இழந்திருக்கிறார். அல்லது வாப்பாவுக்குப் பின் வாழ்ந்திருந்த மகள் போயிருக்கிறார். எதுவானாலும் கல்லில் இருப்பது வாப்பாவின் பெயரும் அவருடைய வாப்பாவின் பெயரும்தான். கணவர் பெயர் இல்லை.

"ஸூஸீ" என்ற பட்டப்பெயர், இன்றைய துனீசியாவிலுள்ள ஸூஸா பட்டினத்தைச் சுட்டுவதாகக் கொள்ளப்படுகிறது. பரம்பரைப் பெயரான ஹுதலீ, ஹிஜாஸ் பகுதியின் ஹுதைல் கோத்திரத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஒரே கல்லில் அறபுத் தீபகற்பம், வட ஆபிரிக்கா, மால்ட்டாத் தீவுகள் என்று ஒரு குடும்பம் நகர்ந்து வந்த பாதை கிடக்கிறது.

இந்தக் கல்லின் மறுபுறம் இன்னொரு கதை சொல்கிறது. பின்பக்கத்தில் உரோமர் காலத்துச் செதுக்கு வேலை இருக்கிறது. ஏதோ ஒரு உரோமக் கட்டடத்துக்காகச் செய்த பளிங்கை எடுத்து, திருப்பி, வெறுமையாக இருந்த பக்கத்தில் மைமூனாவின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். கோஸோவில் பளிங்கு கிடையாது; சுண்ணாம்புக்கல் நாடு அது. கிடைத்த பளிங்கை வீசிவிடாமல் பயன்படுத்தினார்கள்.

இனி அந்த வருடத்தைப் பார்ப்போம். 1174 என்பது முக்கியம். மால்ட்டாவை முஸ்லிம்கள் கைப்பற்றியது 870இல். நோர்மன் அரசர்கள் 1091இல் வந்து திறை வாங்கிக்கொண்டு போனார்கள். 1127இல் இரண்டாம் ரொஜர் முழுமையாகத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். மைமூனா மௌத்தான காலத்தில் சிசிலி அரியணையில் இருந்தவர் இரண்டாம் வில்லியம் என்ற கிறிஸ்தவ அரசர். அதாவது முஸ்லிம் ஆட்சி போய் 47 வருடம் கழிந்த பிறகும், ஒரு முஸ்லிம் குடும்பம் தன் மகளுக்குப் பளிங்கில், அழகான கூஃபி எழுத்தில், கலிமாவின் கருத்தோடு கல் வைக்க முடிந்திருக்கிறது. வசதி இருந்திருக்கிறது, எழுதத் தெரிந்த கை இருந்திருக்கிறது, படிக்கத் தெரிந்த கண்களும் இருந்திருக்க வேண்டும். படிக்க ஆளில்லாத இடத்தில் யாரும் பாட்டு எழுதிக் கல்லில் வெட்டுவதில்லை.

ஆனாலும் நிம்மதியான காலம் என்று சொல்ல முடியாது. மைமூனாவுக்குப் பத்து வருடம் கழித்து, 1184–85இல், ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் சிசிலியில் தங்கினார். பலெர்மோவில் முஸ்லிம்களுக்குப் பள்ளிகள் இருந்ததை எழுதுகிறார். கூடவே அவர்களுடைய பயத்தையும் எழுதுகிறார். தன் குமரை எப்படியாவது இந்த நாட்டை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்று, ஊர் பேர் தெரியாத ஹாஜிகளிடம் பிள்ளையைக் கட்டிக்கொடுத்து அனுப்ப முன்வந்த ஒரு வாப்பாவைப் பற்றி அவர் எழுதியிருப்பதை வாசித்தால் நெஞ்சு கனக்கும். பெண்பிள்ளை மார்க்கத்தை விட்டுப் போய்விடுவாளோ என்ற கவலை அது. மைமூனாவின் கல்லில் "சாட்சி சொன்ன நிலையில் மௌத்தானார்" என்று வருவது மீஸான் கற்களில் வழக்கமான வாசகம்தான். இப்னு ஜுபைரையும் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது அந்த வழக்கமான வாசகத்துக்கே ஒரு பாரம் வந்துவிடுகிறது.

அந்தச் சமூகம் பிறகு என்ன ஆனது? 1241 அளவில் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்குக்கு, ஜிலிபெர்ட்டோ அப்பாத்தே என்ற அதிகாரி இந்தத் தீவுகளைப் பற்றி ஒரு அறிக்கை அனுப்பினார். நமக்குக் கிடைத்திருக்கும் பிரதியில், கோஸோவில் 203 கிறிஸ்தவக் குடும்பங்கள், 155 முஸ்லிம் குடும்பங்கள்; மால்ட்டாவில் முஸ்லிம் குடும்பங்கள் 681. இதுதான் அவர்களைப் பற்றிய கடைசிக் கணக்கு. சிசிலி முஸ்லிம்களைத் தென் இத்தாலியின் லுசேராவுக்கு அப்புறப்படுத்திய அதே அரசரின் காலத்தில், 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள், மால்ட்டாத் தீவுகளிலும் வெளிப்படையான முஸ்லிம் வாழ்வு முடிந்துபோனது. லுசேராவும் நிலைக்கவில்லை. 1300இல் அதையும் கலைத்து, மக்களை அடிமைகளாக விற்றார்கள்.

எல்லோரும் வெளியேறினார்களா? இல்லை என்று நான் நினைக்கிறேன். அதற்குச் சாட்சி கல்லில்லை, நாக்கு. மால்ட்டா மக்கள் இன்றைக்கும் பேசும் மொழி, சிசிலியில் வழங்கிய அறபிலிருந்து வந்தது. இலத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். இத்தாலியச் சொற்கள் ஏராளம் கலந்திருக்கின்றன. அடித்தளம் மட்டும் அறபு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உத்தியோக மொழிகளில் செமித்திய மொழி இது ஒன்றுதான். குடும்பங்கள் முற்றாகப் போயிருந்தால் மொழி நின்றிருக்காது. போனவர்கள் போக, மாறி நின்றவர்களும் நிறைய இருந்திருக்க வேண்டும்.

சில சொற்களைப் பாருங்கள். கத்தோலிக்கரான கோஸோ விவசாயி இறைவனை "அல்லா" என்றே கூப்பிடுகிறார். மரணம் அவருக்கு "மெவ்த்", உயிர் "ரூஹ்", உலகம் "தின்யா". புதைகுழிக்கு அவர்கள் எழுதுவது "கபர்" என்றுதான். உச்சரிப்பில் முதல் எழுத்துத் தொண்டைக்குள் நின்றுவிடும். ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலம் அவர்களுக்கு "ரன்தான்". றமழான் என்பதன் மருவல். கிறிஸ்துமஸ், "மிலீத்", மீலாத் என்பதே அது. பெரிய வெள்ளி, சொல்லுக்குச் சொல் "பெரிய ஜும்ஆ" என்று வருகிறது. கோஸோவின் மேற்குக் கோடியிலுள்ள ஊருக்கு மேற்கு என்றே பெயர். மஃரிபு என்ற சொல்லின் அதே வேர். மணற்கரைக்குப் பெயர் றம்லா. கோட்டை இருக்கும் நகருக்கு 1887இல் விக்டோரியா என்று புதுப்பெயர் வைத்தும், ஊர்ச்சனம் இன்னும் றபாத் என்றுதான் சொல்கிறது.

இதில் நமக்கு ஒரு தலைகீழ்ப் பிரதிபலிப்பு இருக்கிறது. அங்கே மார்க்கம் போனது, மொழி நின்றது. இங்கே நம் முன்னோர்களில் அறபு நாட்டிலிருந்து வந்தவர்களின் மொழி போனது, மார்க்கம் நின்றது. அவர்கள் தமிழைத் தாய்மொழியாக்கிக் கொண்டார்கள்; அறபை எழுத்தாக மட்டும் வைத்துக்கொண்டு அதில் தமிழை எழுதினார்கள். அறபை இலத்தீனில் எழுதுகிறான் மால்ட்டாக்காரன். தமிழை அறபில் எழுதினார் நம் லெப்பை. அவனுக்கும் நமக்கும் பொதுவாக மிஞ்சியிருப்பவை மெளத்தும் கபுறும் ரூஹும் துனியாவும்தான். வீட்டுக்குள்ளே, குறிப்பாகப் பெண்கள் வாயில் புழங்கிய சொற்கள் இவை. அரசன் மாறினாலும் பள்ளி மாறினாலும் குசினிக்குள் புழங்கும் பேச்சு அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை.

இனி நூதனசாலைக்குத் திரும்புவோம். மால்ட்டாவின் தேசிய ஞாபகம் புனித பவுலின் கப்பல் உடைந்து அவர் கரை சேர்ந்த கதையில் தொடங்குகிறது. அன்றிலிருந்து இன்றுவரை நாங்கள் இடையறாத கிறிஸ்தவர்கள் என்பது அவர்களுக்கு உயிரான நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு மைமூனா ஒரு சங்கடம். ஷெவ்கியா, சன்னாத் ஊர்களுக்கு இடைப்பட்ட நிலத்தில் கல் கிடைத்ததாகச் சொல்லி வந்தாலும், அது வட ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டதாக இருக்கலாம் என்ற ஐயமும் கிளப்பப்பட்டது. ஐயத்தை நாம் தள்ளிவிடக் கூடாது. அகழ்வில் எடுக்கப்படாத ஒரு கல்லுக்கு அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் மால்ட்டாவின் றபாத் நகரில், 1881இலும் 1920களிலும் ஓர் உரோம மாளிகையின் இடிபாட்டைத் தோண்டியபோது, அதன் மேலே 240க்கு மேற்பட்ட முஸ்லிம் கபுறுகள் வெளிப்பட்டன. அவற்றை எந்தக் கப்பலும் கொண்டுவந்து போட்டிருக்க முடியாது.

கொட்ஃப்ரி வெட்டிஞ்சர் என்ற மால்ட்டா வரலாற்றாசிரியர், பழைய ஆவணங்களிலுள்ள ஊர்ப்பெயர்களையும் குடும்பப்பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, அறபு ஆட்சிக் காலத்தில் தீவின் கிறிஸ்தவத் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று வாதிட்டார். தன் சொந்தச் சமூகத்தின் பிரியமான நம்பிக்கைக்கு எதிராக எழுதுவது லேசான காரியமல்ல. கடுமையான எதிர்ப்பு வந்தது. அவர் பின்வாங்கவில்லை.

வெட்டிஞ்சரைப் பாராட்டுகிற நாம், நமக்குச் சங்கடமான பக்கத்தையும் வாசிக்க வேண்டும். 1551 யூலையில் உஸ்மானியக் கடற்படை, துர்குத் றயீஸும் ஸினான் பாஷாவும் தலைமை தாங்க, இதே கோஸோக் கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது. தீவின் ஏறக்குறைய முழுச் சனத்தொகையும், சுமார் 5,000 பேர், சிறைபிடிக்கப்பட்டு லிபியாப் பக்கம் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த ஞாபகமும் அதே குன்றில்தான் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் போனதற்கு அழுகிறவர், 16ஆம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் கொண்டுபோனவர்களுக்கும் இரங்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாத வரலாறு வெறும் கட்சிப் பேச்சாகிவிடும்.

அத்தனைக்குப் பிறகும் மைமூனாவின் கல் உடைக்கப்படவில்லை. பிரபுக் குடும்பங்களின் கைகளில் இருந்து, பிறகு அரசின் பொறுப்புக்கு வந்து, இன்று தீவின் பொக்கிஷங்களில் ஒன்றாக நிற்கிறது. பாத்திஹா ஓத வாரிசு ஒருவரும் இல்லாத பெண்ணின் கல்லை, அவருடைய மார்க்கத்தைச் சேராதவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கூஃபி எழுத்துப் பக்கம் முஸ்லிம்களுடையது, செதுக்கு வேலைப் பக்கம் உரோமருடையது, வைத்திருக்கும் வீடு கத்தோலிக்கருடையது. ஒரு பிரதேச நூதனசாலை செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான் என்று எனக்குப் படுகிறது: யாருடையது என்று கேட்டுத் தள்ளாமல், எங்கள் மண்ணில் இருந்தது என்று சொல்லி வைத்துக்கொள்வது.

நம் நாட்டில் கற்களுக்கு நடந்ததையும் கொஞ்சம் பார்க்கலாம். கொழும்பு முஸ்லிம் மையவாடியில் கூஃபி எழுத்தில் ஒரு கல் இருந்தது; காலித் இப்னு அபூ பகாயா என்பவருடையது, ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மைமூனாவின் கல்லை விட இரண்டு நூற்றாண்டு பழையது. ஒல்லாந்தர் காலத்தில் ஒரு திசாவ அதைப் பெயர்த்தெடுத்துத் தன் வீட்டுக்குப் படிக்கல்லாகப் போட்டார். இலங்கையில் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் அதன் வாசகத்தை 1827இல் அச்சில் வெளிப்படுத்தாமல் இருந்திருந்தால், இத்தீவில் நம் இருப்புக்கான மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று ஒரு படிக்கட்டோடு தேய்ந்து போயிருக்கும். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதப்பட்ட 1409ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டு, 1911இல் கண்டெடுக்கப்படும்போது ஒரு மதகின் மூடியாகக் கிடந்தது. இன்று கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. படிக்கல்லாகவும் மதகு மூடியாகவும் கிடந்தவற்றின் மேல்தான் நாம் நம் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

1990 ஒக்டோபரை நாம் மறக்கவில்லை. வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடியதைக் கூட எடுக்க விடவில்லை. எடுத்துக்கொண்டு போகவே முடியாதவையும் பின்னால் நின்றன: பள்ளிகள், கிணறுகள், கபுறடிகள். திரும்பிப் போனவர்கள் முதலில் தேடிய இடங்களில் மையவாடியும் ஒன்று. ஒரு சமூகம் ஓர் ஊரில் இருந்தது என்பதற்கு உறுதியான பத்திரம் காணி உறுதி என்று நினைக்கிறோம். காணி உறுதி தொலைந்த இடத்தில் மீஸான் கல் பேசியிருக்கிறது.

அப்படியிருந்தும், அமைதியான ஊர்களிலேயே அந்தக் கற்களை நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். மதில் கட்டும்போதும், இடம் போதாமல் மையவாடியைத் துப்புரவாக்கும்போதும் பழைய கற்கள் ஒரு மூலையில் குவிக்கப்படுகின்றன. ஒரு ஊரில் இதைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு பெரியவர் சொன்னார்: "கல்லுதானே தம்பி, ஆக்கள் கபுறுக்குள்ள இரிக்காங்க, கல்லில என்ன இரிக்கி?" அவருடைய ஈமானில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அந்த மூலைக் குவியலில் அறபுத்தமிழில் எழுதிய ஒரு கல் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவர் அந்த ஊரில் அன்று ஒருவரோ இருவரோதான்.

கபுறில் எழுதுவது கூடுமா, கூடாதா என்பது ஆலிம்கள் பேச வேண்டிய விஷயம். நான் அதற்குள் நுழையவில்லை. உஸ்மான் இப்னு மள்ஊன் (ரழி) அவர்களின் கபுறுத் தலைமாட்டில் நபி (ஸல்) அவர்கள் அடையாளத்துக்காகத் தம் கையாலேயே கல் வைத்ததாக அபூதாவூதில் வரும் செய்தியை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். புதிதாக எழுதுவது ஒரு கேள்வி. முன்னரே எழுதியிருப்பதை வாசித்துப் பதிந்து வைப்பது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலைக்கு எந்தக் கருத்துப் பிரிவும் தடையில்லை.

அதற்குப் பெரிய கட்டடமோ அரசாங்கப் பணமோ உடனே தேவைப்படாது. ஒவ்வொரு பள்ளி நிருவாகமும் ஒரு பதிவேடு வைக்கலாம். கல் நிற்கும் இடம், உயரம், எழுத்து அறபா, அறபுத்தமிழா, தமிழா, பெயர், வாப்பாவின் பெயர், பிறை, வருடம். இரண்டு பக்கமும் படம். கோஸோக் கல்லின் பின்பக்கத்தை யாரும் பாராமல் விட்டிருந்தால் அந்தப் பளிங்கின் பாதிக் கதை நமக்குக் கிடைத்திருக்காது. வாசிக்கத் தெரிந்த பழைய லெப்பைமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை முதலில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கல் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும், அவர்கள் நிற்கமாட்டார்கள். நம் மையவாடிகளுக்குள் வேறு சமூகத்தவரின் பழைய தூணோ கல்வெட்டோ கிடந்தால், அதையும் அதே பதிவேட்டில், அதே கவனத்தோடு எழுத வேண்டும். மைமூனாவுக்கு மற்றவர்கள் செய்ததை நாமும் மற்றவர்களுக்குச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பதிவேடுகள் சேர்ந்தால் பிரதேசத்துக்கொரு சிறிய நூதனசாலை தானாக ஒரு தேவையாக எழும்பும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வருகிற ஷஃபானில் கபுறடிக்கு ஸியாரத்துக்குப் போகிறவர்கள், யாஸீன் கிதாபோடு ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போகட்டும். தங்கள் வாப்பா, உம்மாவின் கபுறில் துஆச் செய்து முடித்த பிறகு, பக்கத்தில் யாரும் வராத ஒரு பழைய கல்லின் பாசியை மெதுவாகத் துடைத்து, தெரிகிற எழுத்தை மட்டும், தெரிகிற மாதிரியே எழுதிக்கொண்டு வரட்டும்.